அங்கணத்தில் ஊற்றிய சொட்டு மருந்து

என் கொழுந்தன் மனைவி தலைச்சன் பிள்ளையைப் பத்து மாதம் முழுசாகச் சுமந்து பெற்றாள். நான் என் தலைச்சனை ஏழே மாதத்தில் பெற்றேன். அவளுக்கு ஆண், எனக்குப் பெண். இரண்டு பேருக்கும் ஒரே வீடு, ஒரே முற்றம், அடுப்பு மட்டும் தனித்தனி. இதற்கும் பொறாமை வராது என்று எவளாவது சொன்னால் அவள் பொய் சொல்கிறாள். எனக்கு வந்தது. வயிறு பற்றி எரிந்தது. இத்தனை வருஷம் கழித்து அதை மூடி மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

எங்கள் வீடு போடியில். மாமனாரும் மாமியாரும் நாங்கள் வாழ்க்கைப்படும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கீழே இருந்த வயலைக் கொழுந்தன் பார்த்துக்கொண்டார். மலையில் இருந்த ஏலத்தோட்டம் என் வீட்டுக்காரர் பொறுப்பு. திங்கட்கிழமை காலையில் ஜீப்பில் போடிமெட்டு ஏறினால் சனிக்கிழமைதான் இறங்குவார். கொழுந்தன் மனைவி, என் ஓரகத்தி, பொட்டிபுரத்துப் பக்கம் பிறந்தவள். எங்கள் வீட்டு ஆண்கள் மாதிரியே நல்ல கறுப்பு, நல்ல உடம்பு. ஒரு ஆள் நாள் முழுக்கச் செய்கிற சோலியைக் கால்நாளில் முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று நிற்பாள். நான் சிவப்பு. அது ஒன்றுதான் எனக்கு இருந்தது. கல்யாணமான புதிதில் ஊரார் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையில் நான் வயிறு நிறைந்து போவேன்.

எழுபத்தொன்பதில் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் உண்டானோம். அவள் எனக்கு மூன்று வாரம் பிந்தி. வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவள் வயலில் களையெடுத்தாள். என் வீட்டுக்காரர் சும்மா இருக்கமாட்டாமல், "அவளைப் பாரு, அலுங்காம எப்படி வேலை பாக்குறா" என்று சொல்லிவிட்டார். விடுவேனா? ஆவணியில் காய் எடுப்புத் தொடங்கியதும் நானும் வருவேன் என்று ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். மூன்றாம் நாள் மத்தியானம் காய் காயப்போடும் இடத்தில் இடுப்பு வலி கண்டது. இறங்குகிற வளைவு ஒவ்வொன்றிலும் நான் போட்ட சத்தம் போடி வரைக்கும் கேட்டிருக்கும். ஜீப்பு குலுங்கியதால்தான் என்று ஊர் சொன்னது. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

பிள்ளை ஒன்றரைக் கிலோ. உடம்பெல்லாம் பூனைமுடி, தோலுக்குள் நரம்பு ஓடுவது தெரிந்தது. நர்சம்மா பஞ்சில் பொதிந்து வைத்தார். சங்கில் சொட்டுச் சொட்டாகப் பால் புகட்டி ஒரு மாதம் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தோம். பிழைக்காது என்று பார்க்க வந்தவர்கள் எல்லாம் முகத்திலேயே எழுதிக்கொண்டு வந்தார்கள். ஓரகத்தி தன் பெரிய வயிற்றோடு தினமும் சோறு கொண்டுவந்தாள். அந்த வயிற்றைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, "வச்சுட்டுப் போ" என்பேன்.

பிள்ளைக்கு இரண்டு மாதமாகி எடை போடப் போனபோது டாக்டர் ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். "கடைசி ரெண்டு மூணு மாசத்துலதாம்மா தாய்கிட்ட இருந்து இரும்புச் சத்து பிள்ளைக்குப் போய்ச் சேரும். உன் பிள்ளை அதை வாங்காமலே கிளம்பி வந்துருச்சு. அதனால நாம வெளியில இருந்து கொடுக்கணும். ஒரு வயசு ஆகுற வரைக்கும் ஒரு நாளும் நிறுத்தக்கூடாது" என்றார். வெளியே வரும்போது நர்சம்மா என் கையைப் பிடித்து, "வெளிக்கி கறுப்பாப் போகும். பயந்துறாத, மருந்து உள்ள போகுதுன்னு அர்த்தம்" என்று சொல்லி அனுப்பினார்.

கொடுத்தேன். சத்தியமாகக் கொடுத்தேன், ஒரு மாதம் வரைக்கும். மருந்து துருப்பிடித்த நிறத்தில் இருக்கும். சட்டையில் பட்டால் கறை போகாது. நர்சம்மா சொன்ன மாதிரியே துணியெல்லாம் கறுப்பு. அதற்குள் கார்த்திகை வந்தது, ஓரகத்திக்கு வலி வந்தது, காலையில் போனவள் மத்தியானம் மூன்றரைக் கிலோவில் ஒரு பையனைப் பெற்றுப் போட்டாள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து முற்றத்தில் வெயில் காய்ந்தாள். பால் சேலையை நனைத்துக்கொண்டு போனது. எனக்கோ அந்த நேரம் பார்த்துப் பால் வற்றிக்கொண்டிருந்தது.

பிள்ளை பார்க்க வருகிறவர்கள் அவள் பக்கம் உட்கார்ந்து கொஞ்சிவிட்டு, போகிறபோது என் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். "இது எத்தனை மாசம்?" என்பார்கள். "மூணு மாசம்" என்பேன். "அப்படியா!" என்பார்கள். அந்த 'அப்படியா' இருக்கிறதே, அதற்கு ஒரு அறை விட்டிருக்கலாம். மூன்று நாள் பிள்ளை என் மூன்று மாதப் பிள்ளைக்கு அண்ணன் மாதிரி கிடந்தது. எதிர்வீட்டு மதினி மட்டும் என் பக்கத்தில் நன்றாகவே உட்கார்ந்தாள். கொடியில் கிடந்த துணியை ஒரு பார்வை பார்த்தாள்.

"என்னத்தா, இப்படிக் கரியாப் போகுது?"

"இரும்புச் சத்து மருந்து கொடுக்குறோம் மதினி."

"அட கூறு கெட்டவளே! இம்புட்டுக் கறுப்பு உள்ள போனா எங்கிட்டுப் போகும்? பாதி இப்படி வரும், மீதி தோலுக்குத்தேன் வரும். பொட்டப்பிள்ளையப் பெத்து வச்சுக்கிட்டு அதைக் கரிச்சட்டியாக்கப் போறியா?"

இதை அவள் புதிதாகச் சொல்லவில்லை. மாசமாக இருக்கும்போது ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்பு மாத்திரையை எங்கள் தெருவில் எவளும் விழுங்கியதில்லை. பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் என் மாத்திரைகளை அரிசிப் பானைக்குப் பின்னால் பொட்டலத்தோடு போட்டு வைத்திருந்தேன். ஓரகத்திதான் ஒன்று விடாமல் தின்றாள். "நான் இருக்குற கலருக்கு இனிமே என்னக்கா கறுக்கப் போகுது?" என்று சிரித்தாள். அவள் பையன் கறுப்பாகப் பிறந்ததும் நான் மனசுக்குள் கைதட்டினேன். பார்த்தாயா, தின்றாய் அல்லவா?

மறுநாள் காலையில் சொட்டுக் குழாயில் மருந்தை எடுத்தேன். பிள்ளை வாயைத் திறந்தது. திறந்த வாயைப் பார்த்துக்கொண்டே திரும்பி, சமையல்கட்டு மூலையில் பாத்திரம் கழுவுகிற அங்கணத்தில் ஊற்றினேன். ஒரு செம்பு தண்ணீரை விட்டுக் கழுவியும் விட்டேன். அதற்குப் பிறகு தினமும் அதுதான். வேளை தவறியதில்லை. அளவு தவறியதில்லை. புட்டி தீர்ந்ததும் வீட்டுக்காரர் மருந்துக்கடையில் அடுத்த புட்டி வாங்கி வருவார். "கொடுக்குறியா?" என்பார். "பின்ன?" என்பேன்.

பால் போதாதபோது ஓரகத்தி ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து, "எனக்கு மிஞ்சிப் போகுதுக்கா. பிள்ளையக் கொண்டா, ஒரு வேளை நான் கொடுக்குறேன்" என்றாள். என்ன திமிர் என்று நினைத்தேன். "எம்புள்ளைக்கு ஒன்னும் பிச்சை போட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே பசும்பாலில் தண்ணீர் கலந்து காய்ச்சிப் புகட்ட ஆரம்பித்தேன். பிள்ளைக்குக் கொஞ்சம் சதை பிடித்தது. கன்னம் உப்பியது. அதைவிட ஒன்று நடந்தது. பிள்ளை வெளுக்க ஆரம்பித்தது.

முதலில் நான்தான் கவனித்தேன். தை மாதத்தில் காதுமடல் வெளுத்தது. மாசியில் முகம், கை, கால் எல்லாம் வெளுத்து, வெண்ணெயில் செய்து வைத்த மாதிரி ஆகிவிட்டது. என் நிறத்தையே தாண்டிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மருந்தை நிறுத்தியதற்கு இதோ பலன் என்று பூரித்துப் போனேன். அந்த மாதம் ஒரு கல்யாணத்துக்கு இரண்டு பேரும் பிள்ளைகளோடு போனோம். பந்திக்கு முன்னால் பெண்கள் கூட்டத்தில் என் பிள்ளை கை மாறிக் கை மாறிப் போனது.

"ஆத்தாடி, என்னா கலரு! வெள்ளைக்காரன் வீட்டுப் பிள்ளை கெட்டுச்சு போ!"

"அழுகவே மாட்டேங்குது பாரு. சாமிப் பிள்ளை."

"இது குறைமாசம்னு எவளாச்சும் சொல்லுவாளா?"

ஓரகத்தி தன் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு தூண் ஓரமாக நின்றாள். அவனை யாரும் வாங்கவில்லை. அவள் முகம் செத்துப் போயிருந்தது. அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் பந்தியில் அவளுக்கு எதிர் வரிசையில் இடம் பிடித்தேன். அன்று சாப்பிட்ட பாயசத்தின் ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

பிள்ளை அழாது, உண்மைதான். ஆறு மாதம் முடிந்தும் குப்புற விழவில்லை. பால் குடிக்கும்போது தலை வேர்த்துக் கொட்டும். பாதியில் களைத்துத் தூங்கிவிடும். இதையெல்லாம் பெற்றவள் பார்க்கவில்லையா என்றால், பார்த்தேன். குறைமாசம்தானே, மெதுவாகத்தான் வரும் என்று நினைத்தேன். வெளுத்துக்கொண்டு வருகிற பிள்ளைக்கு நோய் இருக்கும் என்று யார் கண்டது?

சித்திரையில் ஒரு சனிக்கிழமை, முற்றத்தில் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஓரகத்தி தன் பையனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அவன் தண்ணீரை அடித்து அடித்துச் சிரித்தான். அவள் திடீரென்று எழுந்து வந்து என் பிள்ளையின் கையைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு தன் பையனின் கையைப் பிரித்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

"அக்கா, உள்ளங்கையப் பாரு. எம்புள்ள கையி எப்படிச் சிவந்து கெடக்கு. இதுல பொட்டு ரத்தம் இல்லையேக்கா. மூச்சும் வெரசா வாங்குது. டாக்டர்கிட்டக் கொண்டுபோவமா?"

நான் எழுந்த வேகத்தில் எண்ணெய்க் கிண்ணம் உருண்டது. "உம்புள்ள கரிக்கட்டையா இருக்குன்னு எம்புள்ளைய நோயாளியாக்குறியா? கண்ணு வைக்காதடி! பொறாமை புடிச்சவளே, உன் கொள்ளிக்கண்ணாலதேன் எம்புள்ள சீக்காப் போகும்!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுத்தில் வராது. அவள் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் மலையிலிருந்து இறங்கி வாசலுக்குள் வந்தார். ஏலக்காய் வாசத்தோடு அப்படியே குனிந்து பிள்ளையைப் பார்த்தார். வாரம் ஒருமுறை பார்க்கிறவர். அவருக்கு என்ன தெரிந்ததோ, பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"கெளம்பு" என்றார். ஓரகத்தியைப் பார்த்து, "நீயும் வாத்தா" என்றார்.

அவள் எதற்கு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவள் தன் பையனைக் கொழுந்தனிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

பிள்ளையை வழக்கமாகப் பார்க்கும் அதே டாக்டர்தான். எடைக்கு வரச் சொன்ன நாட்களில் எல்லாம் நான் போகாமல் சாக்குச் சொல்லி வந்தது அவருக்கு நினைவிருந்தது. பிள்ளையின் கண் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். காகிதம் மாதிரி வெள்ளை. குதிகாலில் ஊசியால் குத்தினார். பிள்ளை முனகியது, அழவில்லை. கசிந்த சொட்டு ரத்த நிறத்திலேயே இல்லை, மாதுளம்பழச் சாற்றில் தண்ணீர் விட்ட மாதிரி இருந்தது. சோதித்துவிட்டு வந்து, இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை என்றார்.

"சொட்டு மருந்து தினமும் கொடுத்தியாம்மா?"

"கொடுத்தேன் டாக்டர்."

"தவறாம?"

"தவறாம."

"வெளிக்கி எப்படிப் போச்சு? கறுப்பாவா?"

"கறுப்பாத்தேன் போச்சு."

அவர் மேஜையில் விரலைத் தட்டினார். என் வீட்டுக்காரரைப் பார்த்துப் பேசினார். "இரும்பு ஒழுங்கா உள்ள போயும் ரத்தம் ஊறலைன்னா, ரத்தம் ஊறுற இடத்துலயே கோளாறுன்னு அர்த்தம். மதுரைக்கு எழுதித் தர்றேன். கால் எலும்புல ஊசி போட்டு உள்ள இருக்குற மஜ்ஜையை எடுத்துச் சோதிப்பாங்க. பிள்ளை இருக்குற நிலைமைக்கு அது தாங்கணும். பெரிய நோயாவும் இருக்கலாம். மனசைத் திடப்படுத்திக்குங்க."

வீட்டுக்காரர் நாற்காலியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். டாக்டர் எழுத ஆரம்பித்தார். பேனா தாளில் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. என் பிள்ளையின் காலைப் பார்த்தேன். அந்தக் காலில் எலும்பு எவ்வளவு இருக்கும், என் சுண்டுவிரல் அளவு இருக்குமா?

அப்போதுதான் ஓரகத்தியைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் எனக்குப் புரிந்துவிட்டது. தையில் நான் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தபோது பிள்ளை துணியைத் துவைத்தவள் அவள்தான். துணி என்ன நிறத்தில் இருந்தது என்று அவளுக்குத் தெரியும். இதோ சொல்லப் போகிறாள், என் மானத்தை வாங்கப் போகிறாள் என்று காத்திருந்தேன். சொல்லிவிட்டால்கூட நன்றாக இருக்கும், நான் சொல்ல வேண்டியதில்லை. பாவி, வாயே திறக்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"கொடுக்கலை" என்றேன்.

பேனா நின்றது.

"கார்த்திகையில இருந்து கொடுக்கலை. அங்கணத்துல ஊத்திட்டேன்."

"எதுக்கும்மா?"

"கறுத்துரும்னு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அவரே நல்ல கறுப்பு. அதை அன்றைக்குத்தான் கவனித்தேன். எழுதிய தாளைக் கிழித்துப் போட்டார். "இது கலர் இல்லம்மா, ரத்தம் இல்லாதது. மருந்து தோலுக்கு வராது, ரத்தத்துக்குத்தான் போகும். வெறும் பசும்பாலைக் கொடுத்து இன்னும் கெடுத்து வச்சிருக்க. இன்னிக்கே ஆரம்பி. வாரத்துக்கு ஒரு தடவை கொண்டுவந்து காட்டு. ஒரு மாசத்துல ரத்தம் ஏறுச்சுன்னா எலும்பைத் தொட வேண்டாம். ஏறலைன்னா மதுரைதான்" என்றார். திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

வீட்டுக்காரரும் திட்டவில்லை. எழுந்தார். என் மடியிலிருந்து பிள்ளையை எடுத்தார். எடுத்து ஓரகத்தி கையில் கொடுத்தார். "மருந்து இனிமே நீதேன் கொடுக்கணும்த்தா" என்று சொல்லிவிட்டு மருந்துக்கடையைப் பார்த்து நடந்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். என் பிள்ளை அவள் தோளில். எனக்குக் கை வெறுமையாக இருந்தது. அவளை அங்கேயே குத்திப்போடலாம் போல வந்தது.

"தெரிஞ்சுக்கிட்டு ஏண்டி இத்தனை நாளா சொல்லலை? எம் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

அவள் தலை நிமிரவில்லை. பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே பேசினாள்.

"தையிலயே தெரியும்க்கா. துணி மஞ்சளாத்தேன் இருந்துச்சு. சொல்லணும்னுதேன் நெனச்சேன். ஆனா மருந்து குடிக்காமயே உம்புள்ள நாளுக்கு நாள் வெளுத்துக்கிட்டு வருது. எம்புள்ளைய ஒருத்தரும் தூக்க மாட்டேங்குறாக. அந்தக் கல்யாண வீட்டுல எனக்கு அப்படியே நெஞ்சு வெந்துபோச்சு. எக்கேடும் கெட்டுப் போகட்டும், எனக்கென்னன்னு இருந்துட்டேன். இன்னிக்குத்தேன் கையைப் பாத்துப் பயந்துட்டேன். நீ பொறாமை புடிச்சவன்னு சொன்னப்ப எனக்குத் திருப்பிப் பேச வாயில்லக்கா. நெசந்தேன்."

பெற்றவள் அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும்? அவள் முடியைப் பிடித்து உலுக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு பேருமாகச் சேர்ந்து அழ வேண்டும். எனக்கு இரண்டும் வரவில்லை. எனக்குக் குளுகுளு என்று இருந்தது. பத்து மாதம் சுமந்தவள், மூன்றரைக் கிலோ பெற்றவள், பால் வழிய நடந்தவள், என்னைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறாள்! மூச்சு வாங்கிக்கொண்டு என் பிள்ளை அவள் தோளில் கிடக்கிறது. நான் அவள் பக்கமாக நெருங்கி, "நெசமாவாடி? அம்புட்டுக்கா வெந்துச்சு?" என்று கேட்டேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பிள்ளையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.

மருந்து அன்று மத்தியானமே உள்ளே போனது. தினமும் காலையில் அவள் வந்து கொடுப்பாள், நான் பக்கத்தில் நிற்பேன். அவள் காலடிச் சத்தம் கேட்டதும் பிள்ளை வாயைத் திறக்கப் பழகிக்கொண்டது. இரண்டாம் வாரம் உதட்டில் லேசாகச் சிவப்பு தெரிந்தது. மூன்றாம் வாரம் பசித்து அழுதது, வீடு இடிகிற மாதிரி. வீட்டுக்காரர் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

ஒரு மாதம் கழித்து, ஓரகத்தியும் கூட வந்திருக்க, டாக்டர் மறுபடியும் குதிகாலில் குத்திப் பார்த்தார். சொட்டு திக்காக, ரத்த நிறத்தில் நின்றது. "மதுரைக்குப் போக வேண்டாம். இனிமே பிள்ளைக்கு ஒன்னுமில்ல" என்றார். பிள்ளை என் மடியில் உட்கார்ந்து அவர் பேனாவைப் பிடுங்கியது. அந்தக் கை ஜன்னல் வெளிச்சத்தில் வந்தபோது நன்றாகத் தெரிந்தது. வெண்ணெய் நிறமெல்லாம் போய்விட்டது. அது இனி என் பிள்ளைக்கு வரப்போவதில்லை. தன் அப்பாவின் நிறத்துக்கு, எங்கள் வீட்டுக் கறுப்புக்கு அது திரும்பி வந்துகொண்டிருந்தது. நான் வாய்விட்டு அழுதேன். வீட்டுக்காரர், "அழுகாத, அதேன் பொழைச்சுருச்சுல்ல" என்று என் முதுகைத் தட்டினார். நர்சம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிள்ளை பிழைத்ததற்காகத்தான் அழுதேன். பாதி அதற்காகத்தான். மீதியை அந்த அறையில் ஓரகத்தி ஒருத்திதான் கண்டுகொண்டாள். அவள் பிள்ளையின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.